வராத நாளுக்குக் கையெழுத்து

நீதிமன்றத்திலிருந்து வந்த உத்தரவை நான் இரண்டு முறை படித்தேன். போடிநாயக்கனூரில் ஓர் ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, தூக்குவாளியில் அரைக் கிலோ காயை ஒளித்து எடுத்துப்போகும்போது வாசல் சோதனையில் பிடிபட்டிருக்கிறாள். காயைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். முதல் குற்றம். ஆகவே சிறைக்குப் பதிலாகச் சமூக சேவை. ஞாயிறு நீங்கலாக முப்பது நாள், காலை ஏழிலிருந்து ஒன்பது வரை, நான் தலைமையாசிரியையாக இருந்த நடுநிலைப் பள்ளியின் வளாகத்தைப் பெருக்கிச் சுத்தம் செய்ய வேண்டும். தினமும் ஒரு நோட்டில் அவளிடம் கையெழுத்து வாங்கி, பக்கத்தில் நானும் போட்டு, முடிவில் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டியது என் பொறுப்பு. தவறினால் அவளுக்குப் பதினைந்து நாள் சிறை.

படித்துவிட்டுச் சிரித்தேன். பெருக்குவது தண்டனை என்றால் எங்கள் ஊரில் பாதிப் பெண்கள் ஆயுள் கைதிகள் என்று மற்ற ஆசிரியைகளிடம் சொன்னேன். அவர்களும் சிரித்தார்கள். எனக்குச் சட்டத்தின் மேல் அப்போது பெரிய மரியாதை கிடையாது, காகிதத்தின் மேல்தான் மரியாதை. உத்தரவைக் கோப்பில் போட்டேன். ஒரு நீள நோட்டு எடுத்து ஸ்கேலால் கோடு போட்டு, முப்பது வரிசைக்கும் எண் எழுதி வைத்தேன். முப்பத்தைந்து வருஷம் கோடு போட்ட கை.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு அவள் வந்துவிட்டாள். முப்பத்தைந்து வயது இருக்கும். வேலைக்குப் போகிற பெண்கள் புடவைக்கு மேல் போட்டுக்கொள்ளும் ஆண்பிள்ளைச் சட்டை, முழங்கை வரை மடித்துவிட்டது. சொந்த விளக்குமாறு கொண்டுவந்திருந்தாள். "எங்கிட்டு இருந்து ஆரம்பிக்கட்டும் டீச்சர்?" என்றாள். வாசலிலிருந்து என்றேன். ஆடி மாதம், மலையிலிருந்து காற்று இறங்கி ஊரையே உருட்டிக்கொண்டிருந்தது. அவள் கூட்டிய புங்க இலையெல்லாம் அவள் முதுகுக்குப் பின்னால் மறுபடி பரவியது. அவள் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து கூட்டினாள்.

எட்டரைக்குப் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வாசலுக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றாள். பிறகு பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, பெருக்கிக்கொண்டிருந்தவளைத் தெரியாதவள் மாதிரி சுற்றிக் கடந்து வகுப்புக்குள் போனாள். அவளும் தலை நிமிரவில்லை. பெருக்கிக்கொண்டே இருந்தாள். என் வகுப்புப் பிள்ளை அது. அப்போதுதான் எனக்குத் தாயும் மகளும் என்று தெரிந்தது.

மறுநாளும் அதே மாதிரி. மதியம் அந்தப் பிள்ளை சாப்பிடவில்லை என்று சத்துணவு ஆயா வந்து சொன்னார். பிள்ளைகள் ஏதோ சொல்லியிருக்கிறார்கள். ஏலக்காய் வாசம் வருதுடி என்று ஒருத்தி மூக்கைப் பொத்திக் காட்டியிருக்கிறாள். அப்படிக் காட்டியவளின் காதை நான் திருகினேன். திருகக் கூடாது என்று இப்போது சட்டம் இருக்கிறது.

புதன்கிழமை காலை, பெருக்கிக்கொண்டிருந்த தாயை என் அறைக்குள் கூப்பிட்டேன்.

"ஏம்மா, வேற எடம் கேட்டிருக்கலாம்ல? ஆசுபத்திரி, பஸ் ஸ்டாண்டுன்னு?"

"கேக்கலாம்னு தெரியாது டீச்சர். வீட்டுக்குப் பக்கம்னு அவகளே எழுதிட்டாக."

"கோர்ட்டுல எதுவும் சொல்லலையா நீ?"

"செயிலுக்கே அனுப்பிருங்கய்யான்னு சொல்லத்தேன் நெனச்சேன். மதுர செயில்ல யாருக்கு என்னத் தெரியும்? வாய் வரல டீச்சர்."

அவளுக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. திருட்டுப் பட்டம் வந்தபிறகு ஊரில் எந்தக் கடையிலும் காய் பொறுக்கச் சேர்த்துக்கொள்ளவில்லை. மலையில் போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகத் தொடங்கியிருந்தாள். அந்த ஜீப்பு காலை ஆறு மணிக்குக் கிளம்பிவிடும். ஒவ்வொரு ஜீப்புக்கும் இன்னின்ன ஆட்கள் என்று கணக்கு உண்டு. நாலு நாள் வராவிட்டால் அந்த இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்துவிடுவாள், பிறகு சண்டை போட்டும் பயனில்லை. இரண்டு நாள் ஏற்கெனவே போயிருந்தது.

நான் யோசித்தேன் என்று சொல்ல முடியாது. வாயில் வந்ததைச் சொன்னேன். "வாரத்துல ஆறு நாள் வர வேணாம். ஞாயித்துக்கிழம காலையில வந்து சாயங்காலம் வரைக்கும் செஞ்சுட்டுப் போ. ஆறு நாள் வேலையும் ஒரே நாள்ல முடிஞ்சிரும். பள்ளிக்கூடத்துல ஒருத்தரும் இருக்க மாட்டாங்க."

"கோர்ட்டுல ஒண்ணும் சொல்ல மாட்டாகளா டீச்சர்?"

"நான் இருக்கேன்ல."

இதைச் சொன்னபோது எனக்கு என் மேலேயே பெருமையாக இருந்தது. அதை மறைப்பானேன். சட்டம் யோசிக்காததை நான் யோசித்துவிட்டேன் என்று நினைத்தேன். அன்று இரவு என் கணவரிடமும் சொன்னேன். "உனக்கு எதுக்கு வம்பு?" என்றார். அவர் எதற்கும் அப்படித்தான் சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் செய்த வேலை, உத்தரவில் இருந்ததைவிட இரண்டு மடங்கு. ஆறு மணிக்கே வந்துவிடுவாள். நானும் சாவியோடு வருவேன். கழிப்பறைகளைத் தேய்த்துக் கழுவினாள். மொட்டைமாடியில் மழைத்தண்ணீர் போகும் குழாயில் மூன்று வருஷமாக அடைத்துக் கிடந்த இலையைக் கையை விட்டு வாரிப்போட்டாள். சத்துணவுக் கூடத்தின் கரிப்பிடித்த சுவரை உப்புத்தாள் வைத்துத் தேய்த்து வெள்ளையடித்தாள். சுண்ணாம்பு நான் வாங்கிக் கொடுத்தது. மதியம் தூக்குவாளியைத் திறந்து பழைய சோறு சாப்பிடுவாள். அதே தூக்குவாளிதானா என்று எனக்கு ஒவ்வொரு வாரமும் தோன்றும். கேட்டதில்லை. ஏன் எடுத்தாள் என்றும் கேட்டதில்லை. சாயங்காலம் நோட்டை நீட்டுவேன், போன ஆறு நாளுக்கும் வரிசையாகப் போடுவாள். எழுத்துக் கூட்டிக் கூட்டிப் போடுகிற கையெழுத்து, ஆறும் முடியப் பத்து நிமிஷம் ஆகும்.

அவள் மகள் மறுபடி சாப்பிடத் தொடங்கினாள். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது.

நாலாவது ஞாயிறு வந்தது. முப்பது நாளில் கடைசி ஆறு நாள் மிச்சம். அவற்றுக்கு அடுத்த ஞாயிறு வர வேண்டும். ஆனால் அந்த ஞாயிறு ராசிங்காபுரத்தில் என் தங்கை மகளுக்குக் கல்யாணம், திங்கட்கிழமை நோட்டு நீதிமன்றத்தில் இருந்தாக வேண்டும். ஆகவே அந்த ஒரே ஞாயிற்றில் இரண்டு வார வேலையையும் முடித்துவிடச் சொன்னேன். இருட்டும்வரை செய்தாள். பெஞ்சுகளைக்கூட வெளியே தூக்கிப்போட்டுக் கழுவினாள். பிறகு நோட்டை நீட்டி, போன வாரம் ஆறு, வரும் வாரம் ஆறு, மொத்தம் பன்னிரண்டு என்றேன்.

ஆறு போட்டுவிட்டுப் பேனாவை நிறுத்தினாள். "வராத நாளுக்கு இப்பவே போடலாமா டீச்சர்?"

நான் சிரித்தேன். "ஏம்மா, வாத்தியாருக நாங்க போடாததா? பாடக் குறிப்பெல்லாம் ஒரு மாசத்துக்கு முன்னாடியே எழுதி வச்சிருவோம். போடு, வெரசா போடு, பூட்டணும்."

அவள் போட்டாள். நானும் பக்கத்தில் பன்னிரண்டு போட்டேன். என்னுடையது ஒரு நிமிஷத்தில் முடிந்தது.

புதன்கிழமை பத்து மணிக்கு ஒரு போலீஸ்காரர் பள்ளிக்கு வந்தார். நீதிமன்றத்துக்கும் ஸ்டேஷனுக்கும் காகிதம் கொண்டு போய் வருகிறவர், எனக்குப் பழக்கம். அன்று காலை மலையடிவாரத்தில் ஜீப்புகளை நிறுத்திச் சோதனை போட்டிருக்கிறார்கள். அளவுக்கு மீறி ஆள் ஏற்றியதற்காக டிரைவர் மேல் வழக்கு. ஜீப்பில் இருந்த பதினெட்டுப் பேரையும் இறக்கி நிற்கவைத்துப் பேர் எழுதியிருக்கிறார்கள். அதில் அவளும் ஒருத்தி. ஏழு மணியிலிருந்து எட்டரை வரை அங்கேதான் நின்றிருக்கிறாள்.

"அந்த நோட்டக் கொஞ்சம் காட்டுங்க டீச்சர்" என்றார்.

கொடுத்தேன். கொடுக்காமல் இருக்க ஒரு காரணமும் தோன்றவில்லை. அவர் விரலை வைத்து வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். விரல் நின்றது.

"இன்னைக்குப் புதன்தான டீச்சர்?"

"ஆமா."

"சனிக்கிழம வரைக்கும் பெருக்கிட்டாளே."

அவருக்கே சங்கடமாக இருந்தது. "நான் மட்டும்னா பாக்காத மாதிரி போயிருப்பேன். பெரிய அய்யா கூட இருந்தாரு. அவருக்கு அவ மூஞ்சி ஞாபகம் இருக்கு, கேஸ் போட்டதே அவருதான். நோட்ட எடுத்துட்டுப் போறேன் டீச்சர், தப்பா நெனைக்காதீக" என்றார். ரசீது எழுதிக் கொடுத்தார். அதையும் கோப்பில் வைத்தேன்.

அடுத்த பீரியட் கணக்கு, போய்ப் பின்னங்கள் நடத்தினேன். அந்தப் பிள்ளை மூன்றாவது பெஞ்சில் இருந்தாள். விடையைச் சரியாகச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை ராசிங்காபுரம் போய்க் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டேன். என்ன கறி என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

திங்கட்கிழமை இருவரையும் நீதிமன்றத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வராந்தாவில் கிடந்த பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அவள் அந்த ஆண்பிள்ளைச் சட்டை போடாமல், துவைத்த புடவையில் வந்திருந்தாள்.

"உங்கள என்ன செய்வாக டீச்சர்?" என்று கேட்டாள்.

ஒன்றும் செய்ய மாட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். தெரியவில்லை என்றாவது சொல்லியிருக்கலாம், அதுதான் உண்மை. "சஸ்பெண்ட் பண்ணுவாங்க. ரெண்டு வருசத்துல ரிட்டயர்டு ஆகணும், பென்சன்ல கை வைப்பாங்க" என்றேன். அதை ஏன் அவளிடம் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்ள முடியவில்லை. பயத்தில் சொன்னேன். ஆனால் பயத்தில் ஆள் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறேன்.

"எனக்கு அதே பதினஞ்சு நாள்தேன?"

"அப்படித்தான் உத்தரவுல இருக்கு."

அவள் தலையாட்டினாள். "ஜீப்புல எடம் போயிரும்" என்றாள். பிறகு எங்களைக் கூப்பிட்டார்கள்.

நீதிபதி சின்ன வயதுக்காரர். மேசையில் என் நோட்டு விரித்துக் கிடந்தது. நான் போட்ட கோடுகள் தூரத்திலிருந்தே நேராகத் தெரிந்தன. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "ஏம்மா, புதன்கிழமை காலையில ஏழு மணிக்கு எங்க இருந்தீங்க?" என்று அவளைக் கேட்டார்.

"ஜீப்புல இருந்தேங்கய்யா."

"அப்ப இந்தக் கையெழுத்து?"

"நாந்தேன் போட்டேன். நோட்டு பீரோ மேல இருக்கும். டீச்சர் இல்லாத நேரம் மொத்தமாப் போட்டுட்டேன். அவக நம்பித்தேன் பக்கத்துல போட்டிருக்காக. அவகளுக்கு ஒண்ணும் தெரியாது."

அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள். அங்கே ஒரு மின்விசிறி சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. நீதிபதி என் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க மேடம். தேதியப் பாக்காம கையெழுத்துப் போட்டீங்களா?"

உண்மையைச் சொல்ல நாலு வார்த்தை போதும். ஏற்பாடு என்னுடையது, அய்யா. வேலை முழுக்க நடந்திருக்கிறது, வந்து பாருங்கள், சுண்ணாம்பு இன்னும் வெள்ளையாக இருக்கிறது. இதெல்லாம் வரிசையாக மனதில் வந்தது. நான் சொன்னது இது: "கவனிக்கலைங்கய்யா. வேலை நெருக்கடி."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நம்பினாரா என்று தெரியாது. "ஒரு பெண்ண செயிலுக்கு அனுப்பாம இருக்கறதுக்கு இப்பத்தான் சட்டத்துல ஒரு வழி வந்திருக்கு. செயிலுக்குப் போய் வர்றவங்க என்ன ஆகறாங்கன்னு பாத்துட்டுத்தான் அதக் கொடுக்கறோம். ஆனா பூட்டும் காவலும் இல்லாத தண்டனை இது. இந்த நோட்ட நம்பித்தான் இருக்கு" என்றார். என்னை எச்சரித்து விட்டுவிட்டார். அவளுக்கு, உத்தரவின்படி பதினைந்து நாள்.

அவர் சொன்னதில் தப்பில்லை. வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசித்தபோது அதுதான் தோன்றியது. பள்ளிக்கூடத்தில் நாங்கள் கொடுக்காத தண்டனையா? முட்டி போடவைத்தோம், வெளியே நிற்கவைத்தோம், அதெல்லாம் தடை என்றானபின் எழுதவைத்தோம். ஒவ்வொன்றுக்கும் பதிலாக இன்னொன்று. எதுவானாலும் பக்கத்தில் ஒரு வாத்தியார் யோக்கியமாக நின்று பார்க்க வேண்டும். அவளுக்குக் கிடைத்த தண்டனை நல்ல தண்டனைதான். இடத்தை மாற்றச் சொல்லி நான் ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கலாம். நாளை மாற்றவும் கேட்டிருக்கலாம், ஞாயிறு போதும் என்று அந்த மனிதரே எழுதிக் கொடுத்திருப்பார் என்று இப்போது படுகிறது. ஒரு வெள்ளைத்தாள் வேலை. வாழ்நாள் முழுக்க விண்ணப்பம் எழுதியவளுக்கு அது தோன்றவில்லை. சொல்லிச் செய்வதைவிடச் சொல்லாமல் செய்வது எங்களுக்குச் சுலபம்.

அவள் மதுரைச் சிறையில் இருந்த பதினைந்து நாளும் அந்தப் பிள்ளை பெரியம்மா வீட்டிலிருந்து பள்ளிக்கு வந்தாள். ஒரு நாளும் நிற்கவில்லை. தினமும் காலையில் அவள் பேரைக் கூப்பிட்டேன், "உள்ளேன் டீச்சர்" என்றாள், பதிவேட்டில் குறித்தேன். எனக்கு அழுகை வரவில்லை. தூக்கம் கெடவில்லை. உடம்பில் ஊசி குத்தினால்கூட உறைக்காது என்று நினைத்துக்கொள்வேன். மொட்டைமாடித் தண்ணீர் அந்த வருஷம் சொட்டாமல் குழாய் வழியே ஓடியது. அதன் பிறகு நீதிமன்றத்திலிருந்து எங்கள் பள்ளிக்கு யாரையும் அனுப்பவில்லை. வேறு எங்காவது அனுப்பினார்களா என்று நான் விசாரிக்கவும் இல்லை.

அவள் திரும்பி வந்து சில வாரம் கழித்துக் காலாண்டுத் தேர்வு மதிப்பெண் அட்டையில் பெற்றோர் கையெழுத்துக்காக எல்லாத் தாய் தகப்பனையும் வரச் சொல்லியிருந்தோம். அவளும் வரிசையில் நின்றாள். மெலிந்திருந்தாள். மகள் வகுப்பு வாசலில் மற்றப் பிள்ளைகளோடு நின்றுகொண்டிருந்தாள். மற்றத் தாய்மார்கள் அவளுக்கு முன்னும் பின்னும் கொஞ்சம் இடம் விட்டு நின்றார்கள்.

என் மேசைக்கு வந்ததும், "மலைக்குப் போறியா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"அந்த ஜீப்புல எடம் இல்லைன்னுட்டாக டீச்சர். வேற ஜீப்புல டாப்புக்குப் பின்னால தொத்திக்கிட்டுப் போறேன்."

அட்டையை நீட்டினேன். கணக்கில் வகுப்பிலேயே அவள் மகள்தான் முதல். பேனாவை வாங்கிக்கொண்டு குனிந்தவள் நிறுத்தினாள்.

"இன்னைக்குத் தேதிதேன டீச்சர்?"

குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே கேட்டாள். ஆமாம் என்றேன். எழுத்துக் கூட்டிக் கூட்டிப் போட்டாள். முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு குரலைத் தாழ்த்தி, "பிள்ளைகிட்டச் சொல்லிட்டியா? ஞாயித்துக்கிழம நான்தான் வரச் சொன்னேன்னு?" என்று கேட்டேன். சொல்லியிருந்தால் நல்லது என்று தோன்றியது. யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும் என்று.

அவள் வாசல் பக்கம் பார்த்தாள். "சொல்லல டீச்சர். காய் எடுத்தது நாந்தேன், அது அவளுக்குத் தெரியும். இதுவும் நான் ஏமாத்துனதுன்னே இருக்கட்டும். இன்னும் ரெண்டு வருசம் அவ ஒங்ககிட்டத்தேன படிக்கணும்? ஒங்கள வேற மாதிரி பாத்தா எப்படிப் படிப்பா?"

அட்டையை என் பக்கம் தள்ளிவிட்டு, பின்னால் நின்றவர்களுக்கு வழி விட்டுப் போனாள். வாசலில் மகளைத் தாண்டும்போது அவள் தலையைத் தொடக் கையைக் கொண்டுபோனாள். பிள்ளை தலையை விலக்கிக்கொண்டாள்.

மணி அடித்தது. அடுத்த பீரியட் ஆறாம் வகுப்புக் கணக்கு. உள்ளே நுழைந்தேன். எல்லாப் பிள்ளைகளும் எழுந்து நின்றார்கள். மூன்றாவது பெஞ்சில் அவளும் எழுந்து, கையைக் கூப்பி, "வணக்கம் டீச்சர்" என்றாள். நான் உட்காரச் சொல்லும்வரை நின்றுகொண்டிருந்தாள்.